ஒழுகுற வண்டி

வாங்க தம்பி. துறையூர்லேர்ந்து வர்றது நீங்கதானே? ரெஜிஸ் போன்ல சொன்னான். ரெஜிஸ் எம் மவன். வண்டி விக்கிறதுக்கு விளம்பரம் போட்டது அவன்தான். ஓசூர்ல இருக்கான். ஹெல்மெட்டைக் கையோட கொண்டாந்திருக்கீங்க. அப்ப ஓட்டிக்கிட்டே போயிடலாம்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறியிருக்கீங்க. சரி சரி. முதல்ல வண்டியைப் பாருங்க.

இப்படி வாங்க, கொட்டகை வீட்டுக்குப் பின்னால. குனிஞ்சு வாங்க, கூரை தாழ்வு.

இதான். வண்டியை அப்புறம் பாக்கலாம், கீழ அட்டை கெடக்குல்ல, அதைப் பாருங்க. நேத்துக் காலையில போட்ட அட்டை. எப்படி ஊறியிருக்கு பாத்தீங்களா? எல்லாம் ஆயில். சொல்லிடணும்ல தம்பி. மறைச்சு விக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. வாங்கிட்டுப் போயி நாளைக்கு நீங்க என்னை ஏசக் கூடாது பாருங்க.

மேல டேப்பெட் மூடி இருக்கே, அங்க கசியும். சிலிண்டர் வந்து உக்கார்ற எடம், இந்த இடுக்கு, இங்க கசியும். இந்தப் பக்கம் கிக்கர், அதோட தண்டுலேர்ந்து சொட்டும். அந்தா தொங்குதே சின்ன ரப்பர் குழாய், அது வழியா துப்பும் பாருங்க, வெத்தலை போட்ட கிழவன் மாதிரி துப்பும். இது பழைய இரும்பு இன்ஜினு. இப்ப வர்ற வண்டியாட்டம் உள்ள தண்ணி ஓடிக் குளிர வைக்காது. காத்துப் பட்டுத்தான் சூடு ஆறணும். அதுக்குத்தான் இப்படி வரி வரியா தகடு. அந்த இடுக்குல எண்ணெயும் புழுதியும் சேந்து அப்பிக்கிச்சுன்னா காத்து எங்க போவும்? இன்ஜின் வெந்துரும். அதனால தினம் தொடைக்கணும். பல்லு தேய்க்கிற பழைய பிரஷ் வச்சிருக்கேன். மண்ணெண்ணெய்ல தொடைச்சா நல்லா வரும், இப்ப மண்ணெண்ணெய் யாரு குடுக்குறா, டீசல்லதான் தொடைக்கிறேன். கையெல்லாம் நாறும். சோப்பு போட்டாலும் போவாது. சாப்பிடும்போது கூட அந்த வாடைதான். பழகிருச்சு.

தினம் தொடைக்கணும். நெனைச்சுப் பாத்துக்குங்க. நீங்க வேலைக்குப் போற ஆளு.

இல்ல, அவரு இருந்த வரைக்கும் ஒழுகுனதில்ல. அதான் தம்பி எனக்கு வயித்தெரிச்சல். அவருன்னா எங்க வீட்டுக்காரரு, அருளப்பன். மாட்டாஸ்பத்திரியில கால்நடை ஆய்வாளரு. அப்படிச் சொன்னா இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது, மாட்டு ஊசிக்காரர்னு சொல்லணும். கல்லக்குடி, ஆலம்பாக்கம், விரகாலூருன்னு எங்க மாடு கத்துனாலும் இந்த வண்டியிலதான் போவாரு. பின்னால ஐஸ் பெட்டி கட்டியிருக்கும். வண்டிச் சத்தம் கேட்டா மாட்டுக்கே தெரியும்பாரு, கயித்தை இழுக்குமாம். அத்தனை வருசம் ஓட்டுன வண்டியில ஒரு சொட்டு கீழ விழுந்து நான் பாத்ததில்ல. அவரு செத்து எட்டு மாசம் ஆவுது. அவரு போன அடுத்த வாரத்துலேர்ந்து இது ஆயில் குடிக்க ஆரம்பிச்சிச்சு. குடிக்கும், துப்பும். குடிக்கும், துப்பும்.

பக்கத்து வீட்டு ஜெபமாலை இருக்காளே, அவ வந்து பாத்துட்டு, "வண்டி கூட அழுவுது மதலை, உனக்குத்தான் கண்ணுல தண்ணி வரல"ன்னா. மதலைமேரி எம்பேரு. அவ அப்படித்தான் பேசுவா. இரும்பு அழுவுமா? பேக்கிங் போயிருக்கும், இல்ல ஆயில் சீல் காஞ்சிருக்கும். அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல. எனக்கு அழுகை வரல, வரலன்னா என்ன பண்றது? முப்பதாம் நாள் பூசையில எல்லாரும் எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு முட்டிக்காலு வலிச்சிச்சு, அதான் ஞாபகம் இருக்கு. வண்டியைக் கிக்கர் அடிச்சுப் பழகுன புதுசு, முட்டி வீங்கியிருந்துச்சு.

ஆமா, நான்தான் ஸ்டார்ட் பண்றேன். ஏன் சிரிக்கிறீங்க? ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ணத் தெரியும். சாவியைப் போட்டு, மீட்டர்ல முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அமுக்கணும். அப்புறம் இந்தச் சின்ன லிவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் எறக்கணும். விட்டுட்டு ஒரே மிதி. பலத்துல இல்ல தம்பி, எடம் பாத்து மிதிக்கிறதுல இருக்கு. மொதல் வாரம் அது என்னைத் தூக்கிச் செவுத்துல அடிச்சிச்சு. இப்ப ரெண்டாவது மிதியில எடுத்துரும். தகட்டுல கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறுற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துவேன். ஓடாமக் கெடந்தா பேட்டரி செத்துரும், சீலெல்லாம் காஞ்சிரும். நான் இதுக்குன்னு ஒண்ணும் செய்யல, விக்கிற பொருளு, நல்லா வச்சிருக்கணும்ல. அவ்வளவுதான்.

இந்தாங்க ஸ்டூல். உக்காந்து பாருங்க. குந்திக்கிட்டு எவ்வளவு நேரம் பாப்பீங்க.

வித்துட்டா நான் ஓசூருக்குக் கெளம்ப வேண்டியதுதான். ரெஜிஸ் நல்ல பையன் தம்பி. சும்மா சொல்லக் கூடாது. மருமவ ஷைனியும் நல்ல புள்ள. எனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி, கட்டில் வாங்கி, குளிக்கிற எடத்துல வழுக்கக் கூடாதுன்னு கைப்பிடி எல்லாம் வச்சிருக்காங்க. போட்டோ அனுப்புனாங்க. நல்லாத்தான் இருக்கு. இந்த வீட்டுக்குக் குடி வர ஒரு டீச்சரம்மா தயாரா இருக்கு. மாடு ரெண்டையும் போன மாசம் ஓட்டி விட்டாச்சு. பீரோ, பண்டபாத்திரமெல்லாம் பங்கு போட்டாச்சு. வண்டி ஒண்ணுதான் பாக்கி. "வண்டி போன அன்னிக்கே கார் எடுத்துக்கிட்டு வந்துர்றேம்மா"ன்னு சொல்லியிருக்கான். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. நான் என்ன பண்றது, வண்டிதான் விக்க மாட்டேங்குது.

வந்தாங்க, வராம என்ன. உங்களுக்கு முன்னால பெரம்பலூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, ரைஸ் மில்லுக்காரரு. அட்டையைப் பாத்தவுடனே மூஞ்சி மாறிப்போச்சு. அவருக்கும் உங்களுக்குக் காட்டுன மாதிரிதான் ஒண்ணொண்ணா காட்டுனேன், எங்க எங்க கசியுதுன்னு. அப்புறம் தஞ்சாவூர்லேர்ந்து ஒரு பையன், கல்யாணத்துக்கெல்லாம் போட்டோ எடுக்குறவன். மாப்பிள்ளை பொண்ணை உக்கார வச்சு எடுக்கணுமாம். பொண்ணு பட்டுப்புடவையில ஆயில் பட்டா நீதான் பதில் சொல்லணும் தம்பின்னேன். போனவன்தான். இன்னொருத்தர், பேரு மறந்துருச்சு, ஓட்டிப் பாத்துட்டு வந்து பேன்ட்டைக் குனிஞ்சு பாத்தாரு. முழங்காலு வரைக்கும் தெறிச்சிருக்கு. சாவியைக் கையில குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. ரெஜிஸ் கூடச் சத்தம் போட்டான். "ஏம்மா, வந்ததும் வராததுமா அட்டையைத்தான் காட்டணுமா"ன்னான். பின்ன என்னத்தைக் காட்டுறது? உள்ளதைத்தானே காட்ட முடியும்.

ரிப்பேர் பாக்காம இல்ல. கடைத்தெரு மெக்கானிக் ஜமாலு வந்து எல்லாப் பேக்கிங்கும் மாத்துனாரு. ரெண்டாவது தடவை சீலெல்லாம் மாத்துனாரு. மூணாவது தடவை வந்து போல்ட்டை இறுக்கு இறுக்குன்னு இறுக்கி ஒரு போல்ட்டு மரை தேஞ்சு போச்சு. "வயசான வண்டின்னா அப்படித்தான்க்கா, விடுங்க"ன்னுட்டாரு. நானும் விட்டுட்டேன். ஊத்துறேன், ஒழுகுது, தொடைக்கிறேன். காலையில ஒரு வேலை ஆச்சுல்ல.

என்ன கேட்டீங்க? ஆயில் எப்பப் பாப்பேனா? தினம்தான் பாப்பேன். காலையில எந்திரிச்சு, வாசல் கூட்டிட்டு, நேரா இங்கதான். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால. இந்த மூடியைத் திருகுனா கூடவே ஆயில் அளக்குற ஸ்டிக் வரும். ஒரு தடவை தொடைச்சு உள்ள விட்டு மறுபடி எடுத்துப் பாக்கணும், கோடு வரைக்கும் நனைஞ்சிருக்கணும். அவரு செய்யிறதைப் பாத்திருக்கேன்ல. ஆனா ஒரு நாளாச்சும் கோடு வரைக்கும் இருக்கணுமே! காஞ்சு கெடக்கும். நுனியில மட்டும் லேசா மினுக்கும். உடனே ஊத்துவேன், கோடு வரைக்கும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுவேன். அப்ப ஆரம்பிக்கும் பாருங்க ஒழுகல்.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

அவரா? அவரு காலையில பாக்க மாட்டாரு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, ஸ்டாண்டு போட்டு, அப்படியே குனிஞ்சு பாப்பாரு. சட்டை கூடக் கழட்ட மாட்டாரு. நான் சாயங்காலத்துல இந்தப் பக்கம் வர்றதில்ல. வெளிச்சம் பத்தாது. லைட்டா? லைட்டு இருக்கு, அது எரியும். ஆனா வர்றதில்ல. அன்னிக்கும் அவரு சாயங்காலம்தான் பாத்தாரு. நான் அடுப்படியில இருந்தேன், மாடு அவுத்துக்கிச்சு போலன்னு நெனைச்சேன், அப்படி ஒரு சத்தம். வந்து பாத்தா இந்தா, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான் கெடந்தாரு. கையில ஸ்டிக் இருக்கு. நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். ஜெபமாலையைக் கூப்புட்டேன், அவ போன் பண்ணுனா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என்ன பண்றது? அவரு கையிலேர்ந்து ஸ்டிக்கை வாங்கித் தொடைச்சு உள்ள விட்டு மூடுனேன். வாய் தொறந்து கெடந்தா உள்ள தூசி விழுந்துரும்ல. லெவல் பாத்தேன், கோடு வரைக்கும் இருந்துச்சு. சரியாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு நாள் கூடச் சரியா இல்ல.

என்ன? மறுபடி சொல்லுங்க. மெதுவா.

ராத்திரியெல்லாம் வண்டி நிக்கும்போது ஆயில் மேலேர்ந்து கீழ எறங்கிடுமா? இன்ஜினுக்கு அடியில போயி உக்காந்துக்குமா? அதனாலதான் காலையில ஸ்டிக்குல தெரியாதா? வண்டி ஓடுனாத்தான் அது திரும்ப மேல வருமா?

அப்ப இல்லாம இல்ல. இருக்கு.

கீழ இருக்குறது தெரியாம, நான் மேல ஊத்தியிருக்கேன். தினம் தினம். அது ரெண்டும் சேந்து எடம் பத்தாம, கெடைச்ச இடுக்குல எல்லாம் வெளிய வந்திருக்கு. புதுப் பேக்கிங் போட்டாலும் வரத்தானே செய்யும். ஜமாலு என்னை ஒரு வார்த்தை கேக்கலியே தம்பி, எப்பப் பாக்குறீங்கன்னு. நானும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு அதுல.

அவரு சாயங்காலம் பாத்தது அதுக்குத்தானா? நான் அவரு களைப்பாத்திக்கத்தான் கொஞ்ச நேரம் இங்க குந்துறாருன்னு நெனைச்சேன்.

இருங்க, இருங்க, என்ன பண்றீங்க? அந்த நட்டைத் தொறக்கறீங்களா? தகரம் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரேன். இந்தாங்க. இவ்வளவு வருதே தம்பி! ஒரு படி இருக்கும் போலயே. எல்லாம் நான் ஊத்துனது. ம். போதுமா? மூடிட்டீங்களா? சரி, ஸ்டார்ட் பண்ணுங்க. நான் பண்ணவா? நீங்க தள்ளுங்க, உங்களுக்கு இது பழகல.

பாத்தீங்களா, ரெண்டாவது மிதி.

ஓடட்டும். நான் போயி காப்பி போட்டு எடுத்துட்டு வரேன். சத்தம் அங்கயும் கேக்கும்.

இந்தாங்க, சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன். நல்லா சூடு ஏறிடுச்சே, தகட்டுல கை வைக்க முடியல. நிறுத்திட்டீங்க. இப்பப் பாக்கலாமா ஸ்டிக்கை? கோடு வரைக்கும் இருக்கு. அடப்பாவமே. கோடு வரைக்கும் இருக்கு.

புது அட்டை போட்டீங்களா கீழ? ஒண்ணும் இல்ல. ஒரு சொட்டு கூட இல்ல. டேப்பெட்டுல? தொட்டுப் பாக்குறேன். இல்ல. இங்கயும் இல்ல. அந்தக் குழாய்ல லேசா ஈரம், அது பழசு. ஒண்ணும் இல்ல தம்பி. இதுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் இருந்திருக்கு இத்தனை நாளும்.

எனக்குக் கோவமா வருது. யாரு மேலன்னு கேட்டீங்கன்னா, உங்க மேலதான். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லதுதான் பண்ணுனீங்க. எட்டு மாசமா எனக்கு எதுவும் வரல, பசி கூட நேரத்துக்கு வரல. இப்பக் கோவம் வருது, அதுவும் வீடு தேடி வந்த மனுசன் மேல. அந்த மில்லுக்காரர் மாதிரி அட்டையைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல நீங்க? யாரு உங்களை எப்பப் பாப்பீங்கன்னு கேக்கச் சொன்னா?

காப்பி ஆறுது, குடிங்க.

எடுத்துக்கறேங்கறீங்க. வெலையும் பேச வேண்டாம், ரெஜிஸ் சொன்னதே சரிங்கறீங்க. ம். சரி.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். ரெஜிஸு. இந்நேரம் கூப்புடுவான்னு தெரியும்.

அல்லோ. சொல்லுப்பா. ஆமா, வந்துட்டாரு. இங்கதான் இருக்காரு. பாத்தாரு, பாத்தாரு, நல்லாப் பாத்தாரு. இல்லப்பா. அவரும் வேண்டாங்கிறாரு. ஆயில் ஒழுகுதில்ல, அதான். ஆமா, இன்னும் ஒழுகத்தான் செய்யுது. எல்லாப் பக்கமும். நான் என்னடா பண்ணட்டும்? அட்டையை நான் காட்டல, அவரே பாத்துட்டாரு. சரி. ம். ஷைனியைக் கேட்டேன்னு சொல்லு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். சரிப்பா. சரி, பேசு. வைக்கிறேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. வாயில அப்படி வந்துருச்சு. அவங்கிட்ட நான் பொய் சொன்னதே கெடையாது, சின்னப் புள்ளையில ஊசி வலிக்காதுன்னு கூடச் சொன்னதில்ல, வலிக்கும்னுதான் சொல்லிக் கூட்டிட்டுப் போவேன். இன்னிக்கு வந்துருச்சு. வாய் கூசல.

ஓசூர் போறதுல எனக்கு ஆட்சேபணை இல்லன்னு சொன்னேனே, அப்ப அது நெசம்னுதான் நெனைச்சுச் சொன்னேன். நல்ல ரூம் அது. அங்க காலையில எந்திரிச்சு நான் எங்க போவேன்? எல்லாம் அவங்களே செஞ்சுருவாங்க. நல்ல புள்ளைங்க, என்னை ஒரு டம்ளர் கழுவ விட மாட்டாங்க. கட்டில்ல உக்காந்தா அப்புறம் அவரு செத்துட்டாருன்னு நான் நெனைச்சுத்தானே ஆவணும்.

கையைத் தொடைச்சுக்குங்க, இந்தாங்க துணி. உங்களை வெறுங்கையா அனுப்புறது பாவம்தான், பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தீங்க. மனசுல வச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். உங்க நம்பர் ரெஜிஸ்கிட்ட இருக்கு. ஏன் வேண்டாம்னீங்கன்னு அவரையே கேக்குறேன்னு சொன்னான், இப்பக் கூப்புடுவான். நீங்க பஸ்ல ஏறுறதுக்குள்ள கூப்புடுவான், அவன் அப்படித்தான்.

ஒழுகுதுன்னே சொல்லிடுங்க தம்பி.